வடக்குப் பார்த்த வாய்

வேலந்தாவளத்தில் காற்றுக்கு இரண்டு வீடு.
ஆனியில் மேற்கிலிருந்து வரும், ஈரத்தோடு.
மார்கழியில் கிழக்கிலிருந்து திரும்பும்,
புழுதியும் பருத்திப் பஞ்சும் அள்ளிக்கொண்டு.
அடுப்பின் வாயை எந்தப் பக்கம் வைப்பதென்று
மூன்று நாள் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன்.
தெற்கே வேப்பமரம்.
மிச்சம் வடக்கு.
வடக்கே சைனபாவின் துணிக்கொடி.

செங்கல் வாங்கவில்லை.
வரிக் கொட்டகையை இடித்தபோது
பத்தொன்பது வருஷம் நான் சாய்ந்து உட்கார்ந்து
லாரிக் காகிதங்களுக்கு முத்திரை குத்திய சுவர்
ஒரு குட்டியானையில் ஏறி
என் கொல்லையில் வந்து இறங்கியது.
கொத்தனார் ஆறுக்குட்டி
ஒவ்வொன்றாய்த் தட்டிக் காதில் வைத்தார்.
"ஒருக்கா நெருப்புப் பாத்த கல்லுங்க. மறுக்காவும் தாங்கும்."

சூடு கீழே இறங்காமலிருக்க
மேடைக்குள் காலிப் பாட்டில்கள், நாற்பத்திரண்டு.
எல்லையூரில் அதற்குப் பஞ்சமில்லை.
கமலவேணி எண்ணி எண்ணிக் கொடுத்தாள்,
எத்தனை என்னுடையது என்று மட்டும் கேட்கவில்லை.

மேலே ஈரமணலைக் குவித்து வழித்தோம்,
இட்லிச்சட்டி மூடியைக் கவிழ்த்த மாதிரி.
மண்ணும் மணலும் ஒட்டாதிருக்க
நடுவில் நனைத்த பேப்பர்:
ஒரு தாள் தமிழ், ஒரு தாள் மலையாளம்,
வீட்டில் கிடந்தது அதுதான்.
அதன்மேல் குளத்துக் களிமண், நறுக்கிய வைக்கோல்,
நாலு விரல் தடிமன்.
மிதித்த காலின் பித்தவெடிப்பில்
இரண்டு ராத்திரி எரிச்சல்.

பதினோராம் நாள்
வாய்வழியே கைவிட்டு மணலை அள்ளினேன்.
"இங்கதானுங்க விழுகும்" என்றார் ஆறுக்குட்டி.
விழுந்தால்?
"மறுக்காக் கட்டோணும்." பீடியைப் பற்றவைத்தார்.
தட்டுத் தட்டாய் மணல் வந்தது.
தோள்வரைக்கும் உள்ளே போன கைக்குக்
கடைசியில் எதுவும் கிடைக்கவில்லை.
மேலே மண் நின்றது.

டார்ச் அடித்தேன்.
கூரை முழுக்க எழுத்து.
பேப்பர் மணலோடு வந்துவிட்டது,
மை மண்ணில் தங்கிவிட்டது, இடவலம் மாறி.
பவுன் விலை. நெல் கொள்முதல்.
யாரோ ஒருவரின் நாற்பத்தொன்றாம் நாள்.
எது எந்த மொழி என்று
பத்தொன்பது வருஷம் காகிதம் பார்த்த கண்ணுக்கு
உடனே பிடிபடவில்லை.

முதல் நாள் ஒரு கைப்பிடிச் சுள்ளி.
மறுநாள் ஒரு தென்னம்பாளை.
பவுன் விலை முதலில் போனது.
நாற்பத்தொன்றாம் நாள் கொஞ்சம் நின்று பார்த்தது.
ஐந்தாம் நாள் உச்சியில் ஒரு விரிசல்,
எறும்பு நுழையுமளவுக்கு.
ஆறுக்குட்டிக்குப் போன் போட்டேன்.
"வெடிக்காத அடுப்பு கடையிலதானுங்க இருக்கும்,
மண்ணை வெச்சுத் தேச்சு விடுங்க."

சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலக்கலாம் என்றாள் கமலவேணி.
கலந்தோம். பூசினோம்.
காய்ந்ததும் பழைய கொட்டகையின் நிறம் வந்துவிட்டது.
இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

மூன்று மணிநேரம் வேலங்கட்டை எரிந்து
கரி பிடித்த கூரை வெளுத்தபின்
தணலைத் தள்ளிவிட்டு
கையை நீட்டி எண்ணினேன். ஆறுவரைக்கும் தாங்கியது.
பத்து எண்ணியிருக்க வேண்டுமாம்.
முதல் ரொட்டி அடியில் கரி, நடுவில் மாவு.
நாயும் யோசித்தது.

அப்போதுதான் மதிலுக்கு மேலே சைனபாவின் தலை,
கையில் புகை மணக்கும் ஒரு வெள்ளைச் சட்டை.
சண்டை என்று நினைத்தேன்.
வாழையிலைப் பொதி ஒன்றை மதில்மேல் வைத்தாள்.
"புகை இங்ஙோட்டு வந்நில்லே,
மீன் அங்ஙோட்டு போட்டே."

எங்கிருந்து, என்ன எடை,
பில் இருக்கிறதா,
எதுவும் கேட்காமல் உள்ளே விட்டேன்.

கதவுப் பலகை இன்னும் செய்யவில்லை.
இப்போதைக்கு ஈரச்சாக்கு.
காற்று அதைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.